ஆர்டித் தன் வண்டிக்கு அச்சு மாற்றினாள்

நார்பர்ட் லைக்கரைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷன் என்பார்கள். சொல்கிறவர்கள் யாரும் அவனோடு குடித்தனம் நடத்தியவர்கள் இல்லை. நடத்தியவள் ஒருத்திதான், ஆர்டித். அவளை யாரும் கேட்டதில்லை.

மேற்குக் கான்சாஸில் பழைய பிக்கப் டிரக் வைத்திருப்பவன் எவனும் ஒருநாள் நார்பர்ட்டின் கொட்டகைக்கு வந்தே தீரவேண்டும். எல்லாம் ஐம்பதுகளில் செய்த வண்டிகள். பின் அச்சின் பல்சக்கரங்கள் வயலிலிருந்து கோதுமைப் பாரம் இழுப்பதற்கென்று செய்தவை. நெடுஞ்சாலையில் ஐம்பது மைல் வேகத்தைத் தொட்டாலே எஞ்சின் ஒப்பாரி வைக்கும், பிரேக்கோ ஆண்டவன் விட்ட வழி. நார்பர்ட் அந்த அச்சைக் கழற்றிப் போட்டுவிட்டு, விபத்தில் நொறுங்கிய புது வண்டி எதிலிருந்தாவது எடுத்த அச்சைப் பொருத்திக் கொடுப்பான். அப்புறம் அந்தக் கிழட்டு வண்டி எழுபதில் சிணுங்காமல் போகும். பாதிரியார் வண்டிக்குச் செய்தான், டெனிஸ் மாதிரிச் சீட்டாட்டக் கூட்டாளிகள் வண்டிக்குச் செய்தான், பக்கத்து மாவட்டத்திலிருந்து வந்த முன்பின் தெரியாதவனுக்கும் செய்தான்.

கொட்டகையின் கோடியில் பச்சை நிறத்தில் ஒரு பிக்கப் நின்றது. அது ஆர்டித்துடையது. அவள் அப்பா சாகும்போது அண்ணன்மார் இருவருக்கும் நிலத்தை எழுதிவைத்துவிட்டு, பெண்ணுக்கு வண்டி போதும் என்று நினைத்தாரோ என்னவோ, அதை இவளுக்கு விட்டுப்போனார். கொண்டுவந்து நிறுத்திய அன்றைக்கே நார்பர்ட், "இதுக்கும் அச்சு மாத்திடலாம், அடுத்தது உன்னோடதுதான்" என்றான். இரண்டு தடவை அச்சுகூட வந்து இறங்கியது. இரண்டு தடவையும் எவனோ வந்து பல்லைக் காட்ட, தூக்கிக் கொடுத்துவிட்டான். பிறத்தியான் கேட்டால் மறுக்கத் தெரியாத மனுஷன். வீட்டுக்காரி கேட்டால் காது கேட்காத மனுஷன்.

அந்த அச்சுகளுக்கெல்லாம் கீழே படுத்து விளக்குப் பிடித்தவள் ஆர்டித்தான். பகலில் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சமைப்பாள், சாயங்காலம் கொட்டகையில் விளக்குப் பிடிப்பாள். நார்பர்ட் ஒரு கல்லுளிமங்கன். எதை ஏன் செய்கிறான் என்று வாயைத் திறந்து சொல்லமாட்டான். "தூக்கு. எறக்கு. இந்தப் பக்கம் காட்டு." இதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால், சீட்டுக்கட்டை எவனோ ஒளித்துவைத்துவிட்ட மாதிரி முழிப்பான். அவளும் கேட்பதை விட்டுவிட்டுப் பார்க்கப் பழகிக்கொண்டாள்.

பிள்ளைகள் குறைந்து பள்ளிக்கூடத்தை மூடினார்கள். ஆர்டித்துக்கு அறுபது நெருங்குகிற வயது. வீட்டில் இருந்தால் அந்த ஊமைக் கோட்டானோடு பைத்தியம் பிடித்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். ஹேஸ் நகரத்து ஆஸ்பத்திரியில் காலைச் சமையலுக்குப் பொறுப்பாளர் வேண்டும் என்றார்கள். போய்ப் பேசினாள், எடுத்துக்கொண்டார்கள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் வாழ்க்கையில் அவளாகத் தேடி அவளுக்கென்று கிடைத்தது அது ஒன்றுதான். நாற்பது மைல், முழுக்க நெடுஞ்சாலை. அவளுடைய சின்னக் கார் போன குளிர்காலத்தில் மான் மேல் மோதிச் செத்துப்போயிருந்தது. நார்பர்ட்டின் டீசல் வண்டியை அவன் தன் அம்மாவுக்கே கொடுத்ததில்லை.

"வர்ற திங்கக்கிழமை காலம்பர ஆறு மணிக்கு நான் அங்க நிக்கணும், நார்பர்ட்."

"அடுத்தது உன்னோடதுதான்னு சொல்லியிருக்கேன்ல."

"எப்ப? என்னைப் பொதைச்சிட்டு வந்தப்புறமா?"

"டெனிஸ் வண்டி ஜாக்கியில நிக்குது. அவனுக்குப் பழைய வண்டி ஊர்வலம் வருது."

"டெனிஸ் கொடியக் கட்டிக்கிட்டுத் தெருவைச் சுத்தறதுக்கு அச்சு. நான் பொழைக்கப் போறதுக்கு இல்ல!"

"இந்த வயசுல உனக்கு எதுக்கு வேலை? சாப்பாட்டுக்கா பஞ்சம்?"

"அதையும் நான்தானே ஆக்கிப் போடறேன்."

அவன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு டெனிஸ் வண்டிக்கடியில் புகுந்தான். மறுநாள் ஆர்டித் நேரே காயலான் கடைக்குப் போனாள். கடைக்காரன் ராலி பெஃபோர்ட் அவளிடம் பள்ளிக்கூடத்தில் சாப்பிட்டு வளர்ந்தவன்.

"என்ன அம்மணி, நார்பர்ட் அனுப்பினாரா?"

"நானாத்தான் வந்தேன். எனக்கு ஒரு அச்சு வேணும். டிஸ்க் பிரேக்கோட."

"என்ன அளவு?"

"சக்கரம் ஒக்கார்ற எடத்துலேர்ந்து அந்தப் பக்கம் சக்கரம் ஒக்கார்ற எடம் வரைக்கும் அறுபது அங்குலம். அரை அங்குலம் கொறஞ்சா பரவால்ல, கூடினா டயர் மட்கார்டுல இடிக்கும்."

ராலி தொப்பியைப் பின்னால் தள்ளிக்கொண்டு சிரித்தான். "வெளக்குப் புடிச்சே இவ்வளவு கத்துக்கிட்டீங்களா?"

"வெளக்குப் புடிக்கிறவளுக்குத்தான்டா எல்லாம் நல்லாத் தெரியும்."

கேட்ட விலையைக் கொடுத்து, மேலே ஒரு கூடை பீராக்கும் கொடுத்தாள். முட்டைக்கோஸும் மாட்டிறைச்சியும் வைத்துச் சுட்ட அந்த ரொட்டியைப் பள்ளிக்கூட நாளில் ஒன்றுக்கு இரண்டாகத் தின்றவன் ராலி. அச்சை அவனே கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனான்.

கொட்டகையின் கோடியில் வேலை ஆரம்பமாயிற்று. நார்பர்ட் டெனிஸ் வண்டியை விட்டுவிட்டு, மடக்கு நாற்காலியைப் போட்டு, பீர் டப்பாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்தான். ஆர்டித் பழைய அச்சின் போல்ட்டுகளை எண்ணெய் ஊற்றி ஊறவைத்து, ஒவ்வொன்றாக இளக்கிக் கழற்றினாள். எஞ்சின் பக்கத்திலிருந்து வந்து அச்சைச் சுற்றவைக்கிற ஷாஃப்ட்டை நீளம் குறைத்துவர ஹேஸுக்கு அனுப்பினாள். புது அச்சில் வேண்டாத கொம்புகளை வெட்டி எடுத்து வழவழவென்று தேய்த்தாள். வண்டி பாரம் முழுக்கத் தரையில் நிற்கும்போது ஷாஃப்ட் அச்சோடு சேருகிற கோணம் பார்த்தாள். எல்லாம் சரியாகவே செய்தாள். இதையெல்லாம் சொல்வது, அவளை யாரும் முட்டாள் என்று நினைத்துவிடக்கூடாது என்பதற்காகத்தான்.

மிச்சமிருந்தது வெல்டிங். பழைய வண்டியின் ஸ்பிரிங் பட்டை உட்கார்வதற்குப் புது அச்சில் மேடை கிடையாது. இரண்டு இரும்பு மேடைகளை அச்சின் குழாய் மேல் வைத்துப் பற்றவைக்க வேண்டும். நார்பர்ட் இதை எப்படிச் செய்வான் என்று அவள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். ஓர் அங்குலம் பற்றவைப்பான். வெல்டிங் கம்பியைக் கீழே போட்டுவிட்டு பீர் குடிப்பான். அப்புறம் எதிர்ப்பக்கம் ஓர் அங்குலம். மறுபடி பீர். விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவளுக்கு வயிறெரியும். ஒரு மணி நேர வேலையை ஒரு நாளைக்கு இழுக்கிறானே சோம்பேறி என்று மனசுக்குள் வைவாள். அந்தக் குழாயை ஒரே மூச்சில் சூடாக்கினால் அது கண்ணுக்குத் தெரியாமல் வளைந்துவிடும், ஆறவிட்டு ஆறவிட்டுத்தான் பற்றவைக்க வேண்டும் என்பதை அவன் ஒரு நாளும் சொன்னதில்லை. அவள் கண்ணில் பட்டது பீர் மட்டும்தான்.

இப்போது அவள் கையில் கம்பி. இவனுக்குக் காட்டுகிறேன் வேலை எப்படிச் செய்வதென்று, என நினைத்தாளோ இல்லையோ, முகமூடியை இறக்கிக்கொண்டு ஒரு பக்கத்தை ஒரே ஓட்டமாகப் பற்றவைத்தாள். நிமிர்ந்தபோது நார்பர்ட்டின் டப்பா வாய்க்குப் போகிற வழியில் நின்றிருந்தது.

"என்ன பாக்குற? உன்னை மாதிரி ஒக்காந்து ஒக்காந்து செய்யணுமா?"

"நான் ஒண்ணும் சொல்லலியே."

டப்பா வாய்க்குப் போயிற்று. அவள் குனிந்து அடுத்த பக்கத்தையும் அதேபோல ஒரே ஓட்டமாக முடித்தாள். படுபாவி! 'நில்லு' என்று ஒரு சொல் சொன்னால் நாக்கு அறுந்தா விழுந்துவிடும்? கடைசிவரைக்கும் உட்கார்ந்து பார்த்துவிட்டு, காலி டப்பாவை நசுக்கிப் போட்டுவிட்டு எழுந்துபோனான்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பச்சை வண்டியை ஓட்டிக்கொண்டு ஆர்டித் தேவாலயத்துக்குப் போனாள். பூசை முடிந்ததும் ஆண்கள் கூட்டமாக வண்டிக்கடியில் குனிந்து பார்த்தார்கள். டெனிஸ் சத்தமாக, "நார்பர்ட், இனிமே நீ வெளக்குப் புடி, உன் பெண்டாட்டி வேலை பாக்கட்டும்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நார்பர்ட் வாயைக்கூடக் கோணவில்லை. ஆர்டித்துக்குக் காதுமடல் வரைக்கும் சிவந்துவிட்டது. அப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு வந்து எத்தனையோ வருஷமாகியிருந்தது. வீடு திரும்பும்போது பின்னாலிருந்து மெல்லிசாக ஓர் ஊளை கேட்டது. புது அச்சு, பழகிவிடும் என்று விட்டுவிட்டாள்.

திங்கட்கிழமை விடியலில் கிளம்பினாள். நெடுஞ்சாலையில் ஏறி எழுபதைத் தொட்டபோது வாய்விட்டே சிரித்தாள். பாதி வழி போவதற்குள் ஊளை அரைக்கிற சத்தமானது. அப்புறம் எண்ணெய் கருகுகிற நாற்றம். கண்ணாடியில் பார்த்தால் வலது பின்சக்கரத்திலிருந்து புகை. ஓரத்தில் ஒதுக்கி இறங்கினாள். சக்கரத்தின் பக்கத்தில் கை வைக்க முடியவில்லை, உள்ளேயிருந்து எண்ணெய் ஒழுகி பிரேக் முழுக்க நனைந்திருந்தது. சரக்கு லாரிகள் வேகம் குறையாமல் அவளைத் தாண்டிப் போயின. போனை எடுக்கக் கைப்பையைத் திறந்தாள்.

எடுப்பதற்குள் பின்னால் டீசல் வண்டி வந்து நின்றது, நார்பர்ட்தான். இழுத்துப்போகிற டிரெய்லரும் மாட்டியிருந்தது. அந்த டிரெய்லர் கொட்டகைக்குப் பின்னால் களைச்செடிக்குள் கிடப்பது. அதை வெளியே இழுத்து, காற்றடித்து, மாட்டிக்கொண்டு வருவதென்றால் லேசுப்பட்ட வேலையில்லை.

"நான் போனே பண்ணலியே" என்றாள் ஆர்டித்.

அவன் குனிந்து சக்கரத்தைப் பார்த்தான். "குழாய் வளைஞ்சிருக்கு. பேரிங் போச்சு."

"எப்பத் தெரியும் உனக்கு?"

அவன் சங்கிலியைப் பிரித்தான்.

"உன்னைத்தான் கேக்குறேன். எப்பத் தெரியும்?"

"மொதப் பக்கம் பத்தவச்சப்பவே."

"ஏன்யா சொல்லல?"

"நீ கேக்கலியே."

அதில் குத்தல் இல்லை, கோபம் இல்லை. நிஜமாகவே அதுதான் காரணம் என்று நினைக்கிறவன் முகம் அது. ஆர்டித்துக்கு அழுகை வரும்போல இருந்து, வரவில்லை.

"டிரெய்லரை முன்னால கொண்டுபோய் நேரா நிறுத்தித் தரேன்" என்றாள்.

டீசல் வண்டியை அவன் எப்போதும் அணைக்கமாட்டான், உறுமிக்கொண்டு நின்றது. ஆர்டித் ஏறி உட்கார்ந்தாள். நார்பர்ட் பச்சை வண்டிக்கு முன்னால் போய் நின்று, பின்னால் வா, வா என்று கையைக் காட்டினான். அவள் அவனையும் பச்சை வண்டியையும் கடந்து முன்னால் போனாள், நிறுத்தவில்லை. ரொம்ப தூரத்துக்குக் கண்ணாடியில் அந்தக் கை ஆடிக்கொண்டே இருந்தது.

ஹேஸில் அவள் சமையலறைக்குள் நுழைந்தபோது காலைச் சாப்பாடு முடிந்து தட்டுகள் திரும்பி வந்துகொண்டிருந்தன. மேற்பார்வைக்காரப் பெண் சின்னவள், நல்லவளும்தான். "முதல் நாளே இப்படியாயிடுச்சே, ஆர்டித். நான் என்ன செய்ய? லிஸ்ட்ல அடுத்து இருந்தவங்களைக் கூப்பிட்டு வேலையக் கொடுத்துட்டேன்" என்றாள். பாத்திரம் தேய்க்க ஒரு ஆள் குறைகிறது, வேண்டுமானால் இருக்கலாம் என்றாள். ஆர்டித் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, அந்தப் பெண் நீட்டிய ரப்பர் கையுறையை வாங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் டெனிஸ் யாரோடோ தொற்றிக்கொண்டு வந்து சமையலறையின் பின்வாசலில் நின்றான்.

"நார்பர்ட் டீசல் வண்டிச் சாவிய வாங்கிட்டு வரச்சொன்னான். உன்னையும் கூட்டிட்டு வரச்சொன்னான். ரொம்ப வருத்தப்படறான், ஆர்டித்."

"வருத்தப்படறேன்னு சொன்னானா?"

டெனிஸ் யோசித்தான். "சொல்லல. அதெல்லாம் அவன் சொல்ற ஆளா? மூஞ்சியப் பாத்தாத் தெரியுதுல்ல."

ஆர்டித் கையுறையைக் கழற்றி, பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தாள். "டிரெய்லர்ல எடது வெளக்கு எரியல. பாத்து ஓட்டு."

"நீ வரல?"

"நான் இங்க ஒரு ரூம் பேசியிருக்கேன்."

அவன் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனாள். இராச்சாப்பாட்டுப் பாத்திரங்கள் வந்து குவிந்திருந்தன.