இரண்டாவது சீட்டு

ஆராய்ச்சி முறைகள் வகுப்பில் கன்ட்ரோல் குரூப் பற்றிச் சொல்லும்போது நான் போர்டு பக்கம் திரும்பிக்கொள்வேன். நர்சிங் மாணவிகள் அதைக் கண்டிப்பு என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது வெட்கம். ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அந்த ரகம் நான்.

எம்.எஸ்ஸி. படித்தபோது என் ஆய்வு, சர்க்கரை நோயாளிகளுக்குப் பாதப் பராமரிப்பைச் சொல்லிக்கொடுத்தால் பலன் இருக்கிறதா என்பது. ஸ்ரீரங்கத்தில் இரண்டு தெருக்களை எடுத்துக்கொண்டேன். எந்தத் தெருவுக்குப் பாடம் என்பதை நம் இஷ்டத்துக்கு முடிவுசெய்யக் கூடாது, குலுக்கல்தான். டிபன் பாக்ஸில் இரண்டு சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினேன். முதலில் வந்த தெருவுக்குப் பாடம். இரண்டாவது தெருவுக்கு வெறும் கேள்விகள். தொடக்கத்தில் ஒரு தடவை, ஒரு மாதம் கழித்து இன்னொரு தடவை. அவர்கள்தான் கன்ட்ரோல் குரூப்; ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பாடம் கேட்காதவர்களாகவே இருக்க வேண்டும். எல்லாம் முடிந்தபின் அவர்களுக்கும் சொல்லிக்கொடுப்பேன் என்று கையெழுத்துப் போட்டுத்தான் அனுமதி வாங்கியிருந்தேன்.

அந்த இரண்டாவது தெருவில் தேங்காய்க் கடைக்காரரின் மனைவி ஒருவர் இருந்தார். மோர் கொடுத்த பிறகுதான் பதிலே சொல்வார். கால் மரத்துப்போனவர்கள் வெறுங்காலோடு நடக்கலாமா என்ற கேள்விக்கு அவர் தயங்கவே இல்லை.

"நடந்தாத்தானேம்மா மதமதப்பு போகும்? நான் தினம் மத்தியானம் வீட்லேருந்து கோயிலுக்கு வெறுங்காலோடதான் போறேன். சுடறதே தெரியல."

சுடுவது தெரியாததுதான் நோயே. பூஜ்யம் போட்டேன்.

"நான் சொன்னது சரிதானேம்மா?"

"கடைசியில சொல்றேங்க."

அப்போது சொன்னால் ஆய்வு கெட்டுவிடும். அதுவரை நான் செய்ததில் தப்பில்லை.

இரண்டாம் தடவையும் அதே மோர், அதே பதில், அதே பூஜ்யம். இனி சொல்லத் தடையில்லை. பாதப் பராமரிப்பு நோட்டீஸ்கூடப் பையில் இருந்தது. ஆனால் எனக்குப் பசி, பஸ் வருகிற நேரம் வேறு. "நாளைக்கு வந்து எல்லாருக்கும் சொல்றேங்க" என்று கிளம்பிவிட்டேன். மறுநாள் போகவில்லை. அதன்பின் டைப்பிங், பைண்டிங் என்று ஓடியதில் போகவே இல்லை. ஆய்வேட்டில் மட்டும், கன்ட்ரோல் குரூப்புக்கும் பின்னர் பாடம் நடத்தப்பட்டது என்று கூசாமல் எழுதினேன்.

அடுத்த கோடையில், திருச்சியில் நான் வேலை பார்த்த வார்டில் அவர் படுத்திருந்தார். வெயிலில் நடந்து பாதத்தில் கொப்புளம் வந்திருக்கிறது. வலி தெரியாததால் அதோடேயே நடந்து, புண் முற்றி, கட்டைவிரலை எடுத்துவிட்டார்கள். என்னைப் பார்த்ததும் அவருக்கு அப்படியொரு சந்தோஷம்.

கட்டு மாற்றிக்கொண்டே சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னேன். வெறுங்காலோடு நடக்காதீங்க, வெயில் ஏறும் முன்னால் கோயிலுக்குப் போயிட்டு வந்துடுங்க, தினமும் பாதத்தைத் திருப்பிப் பாருங்க. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார். "இதத்தானேம்மா அன்னைக்குக் கேட்டேன்" என்றார். குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அந்த ஆய்வேடு இன்னும் காலேஜ் லைப்ரரியில் இருக்கிறது. ஆய்வு எழுதுவது எப்படி என்று தெரிந்துகொள்ள என் மாணவிகள் அதைத்தான் எடுத்துப் படிக்கிறார்கள். அந்த வரி பொய் என்று அவர்களிடம் நான் இதுவரை சொன்னதில்லை.