மியூசியத்துக் கன்னிமார்

எங்கள் தோட்டத்து வேலியோரம் நின்ற கன்னிமார் கல்லை, பழைய சிற்பம் என்று சொல்லிச் சந்தை ஊர் மியூசியத்துக்கு எடுத்துப் போய்விட்டார்கள். சாமி இடம் மாறினால் என்ன, அதனிடம் பூவாக்குக் கேட்காமல் எங்கள் வீட்டில் கல்யாணம் முடிவாகாது. எனக்கு ஆறு வயதிருக்கும். ஒரு சந்தை நாளில் அப்பா, அவருடைய தங்கையான என் அத்தை, நான் மூவரும் பஸ் ஏறினோம்.

கல்யாணம் அத்தைக்குத்தான். அவளுக்கோ பீளமேட்டில் காலேஜ் படிக்க ஆசை. அழுது பார்த்தாள், பட்டினி கிடந்தும் பார்த்தாள். மதுக்கரை மாப்பிள்ளையைக் கைநழுவ விட அப்பாவுக்கு மனமில்லை.

ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளி, இன்னொன்றில் செவ்வரளி. குழந்தை கையில் வெள்ளை வந்தால் சாமிக்குச் சம்மதம். பொட்டலம் கட்டுவது பூசாரி வேலை. மியூசியத்துச் சாமிக்கு ஏது பூசாரி? வீட்டிலேயே அத்தை கட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

உள்ளே நுழைந்ததும் சந்தை இரைச்சல் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது. என்னைவிடப் பெரிய மண் தாழிகள். மேல் ஜன்னல் வெயிலில் தூசி மெல்ல மிதந்தது. மஞ்சளும் பொட்டும் இல்லாமல், அப்போதுதான் வாய்க்காலில் குளித்து வந்தவர்கள் போலக் கல்லில் ஏழு பெண்களும் வரிசையாக நின்றார்கள். எனக்குத் தூக்கம் வருகிறாற்போல் சுகமாக இருந்தது.

“ஏனுங்க, கல்லைத் தொடக் கூடாதுங்க” என்றார் காவலாளி.

“தொடலீங்க. ஒரு வார்த்தை கேட்டுப்போட்டுப் போயிடறோமுங்க” என்றார் அப்பா. காவலாளியும் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றுகொண்டார்.

அத்தை பொட்டலங்களைத் தரையில் வைத்தாள். “எடு கண்ணு” என்றார் அப்பா. கடைசிப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள், சத்தியமாகச் சிரித்தாள். அவள் பக்கம் இருந்த பொட்டலத்தை எடுத்தேன். அப்பா பிரித்தார். சிவப்பு.

அவர் அந்தப் பூவைக் கல்லுக்கு முன்னால் தரையில் வைத்துக் கும்பிட்டார். பிறகு, “செரி, படிக்கட்டும்” என்றார்.

கிளம்பும்போது மற்றப் பொட்டலத்தை யாரும் பார்க்காமல் எடுத்து என் கவுன் பைக்குள் போட்டுக்கொண்டேன். பஸ்ஸில் அத்தை மடியில் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தால், அதிலும் செவ்வரளி!

“அத்தை, இதுலயும் செவப்புத்தானுங்க!”

அவள் சட்டென்று என் வாயைப் பொத்தினாள். முன் சீட்டில் அப்பா கண்ணயர்ந்திருந்தார்.

வெள்ளைப் பூவையே சிவப்பாக்கிவிட்டதே, எங்கள் சாமிக்குத்தான் எவ்வளவு சக்தி என்று மலைத்துப் போனேன். அந்தச் சாமி என்னை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே சிரித்தது எனக்கு அப்போது விளங்கவில்லை.