பன்னிரண்டாவது பெயர்

டீக்கடையில் அரியமுத்து உட்காரும் இடம் மாறாது. அரியலூரில் சிமெண்ட் ஆலைக்குப் போகும் சாலையோரக் கடை அது. எல்லோரும் சாலையைப் பார்த்து உட்கார்ந்தால், இவர் மட்டும் சாலைக்கு முதுகைக் காட்டி உட்காருவார். அப்போதுதான் ஆலையின் பெரிய புகைபோக்கி, சிவப்பும் வெள்ளையுமான பட்டைகளோடு மறைப்பில்லாமல் தெரியும். டம்ளர் வாய்க்குப் போகும்போதும் கண் மேலேதான் இருக்கும். சட்டையில் டீ சிந்தாத நாள் குறைவு.

"மூணாவது பட்டையில வெளுப்பு தட்டிருச்சு, பாத்தீங்களா சார்?" என்பார்.

எனக்கு மூன்றாவது பட்டையும் தெரியாது, வெளுப்பும் தெரியாது. "ஆமாங்க" என்று சொல்லிவைப்பேன்.

விக்கிரமங்கலத்துக்காரர். வயது ஐம்பத்து நான்கு. புகைபோக்கி, சிமெண்டைக் கொட்டிவைக்கும் உருளைக் கோபுரம், உயரத் தண்ணீர்த் தொட்டி என்று, சாதாரண பெயிண்டர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு வேறு வேலை தேடிப் போகும் இடங்களுக்கு வண்ணம் அடிப்பது இவர் தொழில். பதினோரு பேர் இவரிடம் வேலை பார்க்கிறார்கள். 'கொளஞ்சி பெயிண்டிங் ஒர்க்ஸ்' என்று மனைவியின் பெயரைக் கம்பெனிக்கு வைத்திருக்கிறார். உயரத்தில் தொங்கும்போது மாட்டுகிற பாதுகாப்புப் பெல்ட்டின் கொக்கி அழுத்தி அழுத்தி இடுப்பின் இருபுறமும் காய்த்துப்போயிருக்கிறது. பேசிக்கொண்டே இருக்கும்போது கை தானாக அங்கே போய்த் தடவிப் பார்க்கும். ஆறு வருடமாக அங்கே பெல்ட் கிடையாது.

நான் காப்பீட்டு முகவன். பன்னிரண்டு வருடமாக இவருடைய தொழிலாளர் இழப்பீட்டுப் பாலிசி என் கையில்தான் புதுப்பிக்கப்படுகிறது. வேலையாளுக்கு ஏதாவது ஆனால் முதலாளி கொடுக்க வேண்டியதைக் காப்பீட்டு நிறுவனம் கொடுக்கும் ஏற்பாடு இது. இந்தப் பாலிசியும் ஆட்களின் பட்டியலும் இல்லாமல் ஆலை வாசலில் கேட் பாஸ் கிடைக்காது. கீழே நின்று பெயிண்ட் கலக்குகிற ஆளுக்குப் பிரீமியம் குறைவு. உயரத்தில் தொங்குகிற ஆளுக்கு அதைப்போலப் பல மடங்கு. அதனால் ஒப்பந்தக்காரர்கள் என் எதிரில் உட்கார்ந்து, தொங்குகிறவர்களை எல்லாம் தரைவேலை என்று எழுதச் சொல்வார்கள். முடியாது என்றால் அடுத்த தெருவில் வேறு முகவர் இருக்கிறார் என்பதையும் எனக்கு நினைவூட்டுவார்கள்.

அரியமுத்து அப்படிக் கேட்டதே இல்லை. அதற்குக் காரணம் இளையபெருமாள். இருவரும் இருபது வயதில் ஒரே சாரத்தில் நின்று வேலை பழகியவர்கள். அன்றைய முதலாளி பிரீமியத்தை மிச்சம் பிடிக்க இளையபெருமாளைத் தரைவேலை என்று எழுதியிருந்தார். இளையபெருமாள் விழுந்ததோ நாற்பது அடி உயரத்திலிருந்து. தரையில் நிற்கிற ஆள் எப்படி ஐயா விழுந்தான் என்று காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து கேள்வி வந்தது. பதில் வருவதற்குள் ஏழு வருடம் போயிற்று, ஒரு காலும் போயிற்று. இன்றைக்கு விக்கிரமங்கலத்தில் செல்போன் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறார்.

அரியமுத்து சொந்தமாகத் தொழில் தொடங்கியபோது போட்டுக்கொண்ட சட்டம் இது: "எழுதுனதுதான் வேலை. செய்யுற வேலையத்தான் எழுதணும். தரைன்னு எழுதுன ஆளு மொதப் படியில கால வச்சாலும் அன்னிக்கே கணக்க முடிச்சு அனுப்பிருவேன்." இரண்டு பேரை அப்படி அனுப்பியும் இருக்கிறார்.

ஆறு வருடத்துக்கு முன்பு ஆலைக்குப் புதிதாக ஒரு பாதுகாப்பு அதிகாரி வந்தார். பாலிசிப் பட்டியலில் பெயர் இல்லாத எவரும் ஏறக் கூடாது என்றார். இவர் என்னிடம் ஓடிவந்தார். "என் பேரையும் சேத்து எழுதுங்க சார். பெயிண்டர்னு போடுங்க." பாலிசி வேலையாட்களுக்குத்தான், முதலாளி பெயர் அதில் வராது என்று சொன்னேன். "பதினோரு பேருக்கு நான் பணம் கட்டுறேன். எனக்கு எடமில்லையா?" என்றார். இல்லைதான். சட்டம் அப்படி.

அன்றிலிருந்துதான் இந்த அண்ணாந்து பார்க்கிற பழக்கம். போன், கேட் பாஸ், ஜிஎஸ்டி என்று கீழே ஆயிரம் வேலை. "மேல ஏறிட்டா ஒரு பய நம்மளக் கூப்புட முடியாது சார். காத்து மட்டும்தான். மழ பெஞ்சு வெறிச்ச காலையில ஏறுனீங்கன்னா தெக்க கொள்ளிடம் கோடு மாரி தெரியும். சுண்ணாம்புக்கல் குழியில தேங்குன தண்ணி பச்சப் பச்சையா கெடக்கும். ரயிலு போறது தெரியும், சத்தம் வராது." சொல்லும்போது குரல் தழையும். ஊரை விட்டு வந்தவன் வீட்டை நினைத்துப் பேசுகிற குரல் அது. இவரோ அந்த வீட்டுக்கு அடியிலேயே குடியிருக்கிறார்.

அந்தப் புகைபோக்கிக்கு இந்த ஆண்டு மறுபடி வண்ணம் அடிக்க வேண்டும். இவர் பெயிண்டராக முதன்முதலில் ஏறியதும் அதில்தான். ஐம்பத்தைந்து ஆகிவிட்டால் ஆலையில் உயரத்தில் ஏற அனுமதி கிடையாது. தை பிறந்தால் இவருக்கு ஐம்பத்தைந்து. ஒரே ஒரு தடவை, அவ்வளவுதான் கேட்கிறார்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாமல் நான்தான் சொன்னேன்: "கம்பெனிய உங்க சம்சாரம் பேருக்கு மாத்திட்டா நீங்க அவங்ககிட்ட சம்பளக்காரர். அப்ப உங்க பேரு பட்டியல்ல வரும்." மனிதர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "போர்டுல ஏற்கெனவே அவ பேருதான சார் இருக்கு!" ஒரே மாதத்தில் எல்லா மாற்றமும் முடிந்தது. முதலாளி பதவியை இவ்வளவு சந்தோஷமாக உதறிய ஆளை நான் பார்த்ததில்லை.

பட்டியலைக் கொளஞ்சியம்மாளே தன் கையால் எழுதிக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்தார். அரியமுத்து வெளியே போனில் பேசிக்கொண்டிருந்தார். தாளை என் பக்கம் தள்ளினார் அந்த அம்மாள். பன்னிரண்டாவது பெயர்: அரியமுத்து. வேலை: தரைவேலை, கயிறு பிடிப்பவர்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"கல்யாணமாயி இருவது வருஷம் நான் அண்ணாந்து பாத்துக்கிட்டே இருந்தவ சார். அடுப்புல சோறு கொதிக்கும், நான் வாசல்ல நிப்பேன். இந்த ஆறு வருஷமாத்தான் குனிஞ்சு கோலம் போடுறேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கண் மட்டும் கலங்கியிருந்தது.

அரியமுத்து உள்ளே வந்தார். ஒவ்வொரு வருடமும் போல, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வைத்து ஒவ்வொரு பெயராகப் படித்தார். பன்னிரண்டாவது வரியில் விரல் நின்றது. மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குத் தாங்கவில்லை. "ஒரு கோடு கிழிச்சு மாத்தி எழுதிரலாங்க. பிரீமியம் கொஞ்சம்தான் கூடும்" என்று பேனாவை நீட்டினேன்.

அவர் பேனாவை வாங்கவில்லை. "வேணாம் சார். மொதலாளி எழுதிட்டாங்க. எழுதுனதுதான் வேலை" என்றார். சிரிக்கப் பார்த்தார், பாதியில் நின்றுவிட்டது.

வேலை தொடங்கிய நாள் பாலிசி நகலைக் கொடுக்க ஆலைக்குப் போயிருந்தேன். ராத்திரி மழை பெய்து வானம் வெறித்திருந்தது. புகைபோக்கியின் அடியில் ஹெல்மெட்டோடு அரியமுத்து, பக்கத்தில் கயிற்றுச் சுருள். முதலில் ஏற வேண்டியவர் மணிவண்ணன். பத்து வருடமாக இவரிடம் வேலை பார்க்கிறார். பெல்ட்டை மாட்டிக்கொண்டு ஏணியைப் பிடித்தார்.

"இரு மணி" என்றார் அரியமுத்து. "படியில ஈரம், வழுக்கும்."

"நான் பாத்து ஏறிக்கிறேண்ணே."

"இருடா. மேல போனதும் கொள்ளிடம் தெரியுதான்னு சொல்லு."

தோளில் கிடந்த துண்டை எடுத்து முதல் படியைத் துடைத்தார். இரண்டாவதை, மூன்றாவதை, தலைக்கு மேலே இருந்ததை. அதற்கும் மேலே ஒரு படிக்குக் கையை நீட்டினார். காலை ஏணியில் வைக்கவில்லை. குதிகால் இரண்டும் மட்டும் தரையை விட்டு எழும்பியிருந்தன.