மலை தெரியும் வளைவில் என் கண் எங்கே இருந்தது

1. கரி பஸ்

வண்டி ஓட்டும்போது கவனம் சிதறுவதைப் பற்றி எழுதச் சொன்னார்கள். லைசென்ஸ் எடுக்கப்போகும் பிள்ளைகளுக்குப் பயன்படுமாம். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஸ்டியரிங் பிடித்தே காய்த்துப்போன கை, பேனாவைப் பிடித்தால் நாலு வரியில் வலிக்கிறது. ஆனாலும் ஒரு விஷயத்தைச் சொல்லித் தொலைத்துவிட்டால் தேவலை என்றிருக்கிறது.

அது இரண்டாம் உலக யுத்த காலம். பெட்ரோலுக்கு ரேஷன். திருத்தணி–பள்ளிப்பட்டு ரூட்டில் எனக்கு முதல் வேலை கிடைத்தபோது வயது இருபத்திரண்டு. வண்டி கரி பஸ். பின்பக்கம் ஆள் உயரத்துக்கு ஒரு கேஸ் பிளாண்ட் நிற்கும். அதில் அடுப்புக்கரியைக் கொட்டி, காற்றூதும் புளோயரைக் கையால் சுற்றிப் பற்றவைத்தால், அதிலிருந்து வருகிற கேஸில் இன்ஜின் ஓடும். ஓடும் என்பது மரியாதைக்குச் சொல்வது. மேடு வந்தால் ஜனங்கள் இறங்கி நடப்பார்கள். நாள் முழுக்க இருமல், கண்ணெரிச்சல். டிரிப் முடிந்தால் சோறுகூட வேண்டாம், எங்கேயாவது கட்டையைச் சாய்த்தால் போதும் என்றிருக்கும்.

2. ஒரு கை

பள்ளிப்பட்டிலிருந்து திரும்பும்போது ஒரு வளைவில் முருகன் மலை முதன்முதலாகக் கண்ணில் படும். பஸ் முழுக்க "முருகா!" என்று சத்தம் எழும். எனக்கு முன்னால் அந்த ரூட்டில் ஓட்டிய டிரைவர்கள் அத்தனை பேரும் அங்கே ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையையும் குவித்தவர்கள்தான். அந்த நேரத்துக்கு ஸ்டியரிங்கை முழங்காலால் அணைத்துக்கொள்வார்கள். அதை ஒரு சாமர்த்தியமாகப் பேசுவார்களே தவிர, தப்பென்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

நான் வேதக்காரன். என் தாத்தா காலத்திலேயே மிஷன் சபையில் சேர்ந்த குடும்பம். அதனால் நான் கும்பிடாமல், ரோட்டைப் பார்த்து என் பாட்டுக்கு ஓட்டினேன். கரி ஈரமாக இருந்தால் வண்டி வழியில் நின்றுபோகும். நின்றால் பழி என்மேல். "டிரைவரு மலையப் பாத்துக் கும்பிடலங்க. வண்டி எப்பிடிப் போவும்?" என்பார்கள்.

கண்டக்டர் முனிரத்தினம் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, கரி ஈரம்னு உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஜனத்துக்குத் தெரியுமா? ஒரு கையத் தூக்கினா உன் கிரீடமா எறங்கிடும்? தூக்கேம்பா!"

தூக்கினேன். ஒரே கை, நெற்றிவரைக்கும். பின்சீட்டில் ஓர் அம்மாள் பக்கத்திலிருந்தவளிடம், "பாருடி, வேதக்காரரா இருந்துகினு நம்ம சாமிக்குக் கை தூக்குறாரு. தங்கமான மனுசன்" என்றாள்.

எனக்கு அது பிடித்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ரொம்பவே பிடித்துவிட்டது. புகை தின்று, திட்டு வாங்கி அலுத்துப்போனவனுக்கு ஒரு நல்ல வார்த்தை. அதற்கப்புறம் கை தூக்கும்போதெல்லாம் தலைக்கு மேலிருந்த கண்ணாடியைப் பார்ப்பேன். யார் யார் என்னைக் கவனிக்கிறார்கள் என்று பார்ப்பேன்.

3. நூல் மூட்டை

அன்று காலை பத்து மணி இருக்கும். வண்டியில் நல்ல கூட்டம். வளைவு திரும்பியதும் ரோடு நேராகத்தான் போகும். மலை தெரிந்தது. கையைத் தூக்கினேன், கண்ணாடியைப் பார்த்தேன். முன்வரிசைக் கிழவர் ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

"தம்பி! ஆளு! ஆளு!" என்று முனிரத்தினம் கத்தினார்.

பிரேக்கை மிதித்தபோது காரியம் முடிந்திருந்தது. வண்டி இடது பக்கம் ஒதுங்கியிருந்தது. ஓரமாக நடந்துபோன ஒருவரின் வலது பாதத்தின்மேல் முன்சக்கரம் ஏறியிருந்தது. அவர் பெயர் கோபால், பக்கத்துக் கிராமத்து நெசவாளி. நூலுக்கும் ரேஷன் இருந்த காலம் அது. வாரக்கணக்கில் தறியைச் சும்மா போட்டுவிட்டு, அன்றைக்குத்தான் நூல் வாங்கி மூட்டையாகத் தலையில் வைத்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

நான் குதித்து ஓடினேன். அவர் என்னைத் திட்டவில்லை. "நைனா, நூல எடுங்க, ரத்தம் படுது, நூல எடுங்க" என்றார். காலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அதே பஸ்ஸில் ஏற்றித் திருத்தணி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அந்தப் பாழாய்ப்போன வண்டி அன்று ஒரு மேட்டில்கூட நிற்கவில்லை. பாதத்தை எடுத்துவிட்டார்கள்.

4. விசாரணை

இன்ஸ்பெக்டர் ஒரே கேள்விதான் கேட்டார். "ஆள எவ்ளோ தூரத்துல பாத்த?"

எத்தனையோ கெஜம் நேர் ரோடு. தலையில் வெள்ளை மூட்டையோடு ஒரு மனிதர். நான் அவரைப் பார்க்கவே இல்லை.

பிள்ளைகளே, இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ஓட்டும்போது அடிக்கடி உங்களையே கேளுங்கள்: கடைசி ஒரு ஃபர்லாங்கில் ரோட்டில் யார் போனார்கள், என்ன கிடந்தது? சொல்லத் தெரியவில்லை என்றால் கண் திறந்திருந்தும் நீங்கள் ரோட்டில் இல்லை. உடனே ஓரமாக நிறுத்துங்கள்.

என்னைக் காப்பாற்றியது பிரயாணிகள். "ஆங், நான் பாத்தேங்க. சாமியக் கும்பிட்டுகினு இருந்தாரு. அவர் மேல தப்பு சொல்லக் கூடாதுங்க" என்று ஒருவர் பின் ஒருவராகச் சொன்னார்கள். கோபாலும் படுக்கையிலிருந்து அதையே சொன்னார். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். "ஆமாங்க" என்றேன். எச்சரித்து விட்டுவிட்டார்கள்.

5. நிறுத்தம்

மறுபடி வேலைக்கு வந்த முதல் நாளே அந்த வளைவைத் தாண்டியதும் வண்டியை ஓரங்கட்டி, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். "கும்பிடறவங்க கும்பிட்டுக்கங்க" என்றேன். கேஸ் இறங்கி இன்ஜின் அணைந்துபோனது. திரும்பப் பற்றவைக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. முதலாளி, "இன்னாடா, நடுரோட்டுல கோயில் கட்டப் போறியா?" என்று கத்தினார். கத்தட்டும் என்று விட்டுவிட்டேன். தினமும் நிறுத்தினேன்.

ஆனால் மனசு ஆறவில்லை. சில மாதம் கழித்துக் கோபால் வீட்டுக்குப் போனேன். குழித்தறியில் இரண்டு காலாலும் மிதிக்க வேண்டும். அவர் மனைவி தறியில் உட்கார்ந்திருந்தாள். அவர் ஓரத்தில் ராட்டையில் தறிக்கான தார் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். அந்த மரியாதையைத் தாங்க முடியாமல் நின்றபடியே கொட்டிவிட்டேன்.

"அண்ணா, அன்னிக்கி நான் கும்பிடல. கண்ணாடியில பாத்துகினு இருந்தேன். ஜனம் என்னப் பாக்குதான்னு பாத்தேன்."

ராட்டை நின்றது.

"சாமியக் கும்பிடறப்ப நடந்துச்சு, அந்த முருகனுக்குப் போன காலுன்னு சொல்லிச் சொல்லித்தான் நைனா மனசத் தேத்திகினு இருந்தேன். இப்ப அதுவும் இல்லன்னு சொல்லத்தான் வந்தியா?"

என் பாரத்தை இறக்கப் போனவன், அவர் தலையில் ஏற்றிவிட்டு வந்தேன். விசாரணையில் சொல்லியிருக்க வேண்டியது அது. அங்கே சொல்லியிருந்தால் என் லைசென்ஸ் போயிருக்கும். அதற்குப் பயந்துதான் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ரிட்டயர் ஆகும்வரை நான் யாரையும் இடிக்கவில்லை. அதற்காக மாலை போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள். கோபாலின் வீட்டுப் பக்கம் மட்டும் இன்றைக்கு வரைக்கும் என்னால் போக முடியவில்லை.