கையைக் கட்டிக்கொண்டு நின்றவர்

எனக்கு வயது எழுபத்தெட்டு. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். என் பெயரை எழுதுவேன். மிச்சத்தை நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

அவளுடைய கம்ப்யூட்டரை ஹட்டன் கடைக்குக் கொண்டுபோனோம். என் வீட்டுக்காரர் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் காமன் கூத்தில் பாடிய பாட்டு அதற்குள் மட்டும்தான் இருந்தது. இப்போது அவருக்குப் பேச்சு வராது.

கடைக்காரர் ஒல்லியான மனிதர், வெள்ளைத் தொப்பி போட்டிருந்தார்.

"புது விண்டோஸ் ஏத்த டிஸ்க்கை ஜிபிடிங்கிற புது அமைப்புக்கு மாத்தணும்மா."

"பாட்டு அழிஞ்சிடுமா தம்பி?"

"இல்லம்மா. லயத்து வீட்டு வரிசையில ஆளுகளை வெளியேத்தாம காம்பரா கதவு நம்பரை மட்டும் மாத்தி எழுதுற மாதிரிதான். பாதியில கரண்ட் போனாத்தான் வம்பு."

வேலையைத் தொடங்கிவிட்டு இரண்டு கைகளையும் கக்கத்தில் செருகிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து வானம் இடித்தது. இடித்தால் பிளக்கைக் கழற்றுவது எங்கள் லயத்து வழக்கம். என் கை தானாக நீண்டது.

"ஐயோ, தொடாதீங்கம்மா! நானே கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறேன்ல!"

நானும் கட்டிக்கொண்டேன். திரை இருண்டது. பிறகு வெளிச்சம் வந்தது. பேத்தி பாட்டைப் போட்டாள். என் வீட்டுக்காரர் குரல் கடையெல்லாம் கேட்டது. அப்பாடா என்று உட்கார்ந்துவிட்டேன்.

வேலைதான் முடிந்துவிட்டதே, ஆனாலும் பாட்டு முடியும்வரை அந்த மனிதர் கட்டிய கையை எடுக்கவில்லை. ஏனென்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.

"எல்லாம் எழுதிட்டியாம்மா? எங்க, வாசி. தாத்தாவுக்கும் கேக்கட்டும், சத்தமா வாசி."