பொடி போடாத குதிரை

நான் மூணாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனாலும் சொந்த ரிக் வண்டியில் ஊரூராகப் போர்வெல் போட்டுப் பாறையையே துளைத்தவன். ஒரு பெட்டைக் குதிரையைப் பழக்குவதா எனக்குப் பெரிது?

வெண்ணந்தூர்ப் பக்கம் திருவிழாவில் குதிரைப் போட்டி. மேளத்துக்கும் வெடிக்கும் மிரளாமல் களத்தைச் சுற்றி நடக்கிற குதிரைக்குக் கோப்பை. மருந்து கொடுத்திருந்தால் வெளியே. போன வருசம் என் குதிரை முதல் வெடிக்கே ஓடி, ஊரே சிரித்தது. இந்த வருசம் கோப்பை இல்லாமல் ஊடு திரும்புவதில்லை என்று இருந்தேன்.

"மாமா, தீனியில கலக்குற பொடி இருக்குதுங்க. மருந்தில்லீங்க, சத்துப்பொடி. சாந்தமா நிக்கும்," என்றார் படித்த மருமகன்.

"போதையில ஸ்டியரிங் புடிச்ச டிரைவரை நடுரோட்டுல இறக்கி உட்டவன் நான். குதிரைக்கு மட்டும் நானே ஊட்டறதுங்களா, மாப்ளே?"

ரிக் கம்ப்ரசர் ஓடுகிற இடத்துக்குத் தூரத்தில் குதிரையைக் கட்டினேன். பயம் தெளியத் தெளியக் கிட்டே கொண்டுவந்தேன். கடைசியில் அந்த அலறலுக்குப் பக்கத்திலேயே கொள்ளுத் தின்றது. சத்துப்பொடி கண்டுபிடித்த மேதைகளுக்கு இது தோன்றவில்லை, பாவம்.

போட்டியில் எங்களுக்கு முன்னால் ஒரு கோழிப்பண்ணைக்காரரின் குதிரை. தீனியில் பொடி கலக்காமல் அவருக்குப் பொழுதே விடியாது. கண் பாதி மூடி, உதடு தொங்க, தியானத்தில் இருப்பதுபோல் நடந்தது. "என்ன அடக்கம்!" என்று நடுவர் உருகினார்.

அடுத்து என் குதிரை. காதை மட்டும் ஆட்டிக்கொண்டு மேளத்தைக் கடந்தது, வெடிக்கும் அசையவில்லை.

"ஏனுங்க, இதுக்கு ஏதாச்சும் குடுத்தீங்களா?" என்றார் நடுவர்.

"குடுக்காம இப்படி நிக்குமுங்களா?" என்றார் கோழிப்பண்ணைக்காரர். அனுபவஸ்தர்!

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "பொடி தின்னது எதுக்கும் பயப்படாது. இது புதுசா எதையாச்சும் பாத்தா பயப்படும். பாக்கறீங்களா?" என்று நடுவரின் குடையைப் பிடுங்கி, குதிரை முகத்துக்கு நேரே படாரென விரித்தேன்.

இரண்டு காலில் எழுந்த குதிரை, பரிசு மேசையைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தது. நடுவர் மேசைக்கு அடியில் போனார்.

"இப்ப நம்பறீங்களா?"

"நம்பறேனுங்க! குடையை மடக்குங்க!"

மருந்தில்லை என்று மைக்கில் ஒப்புக்கொண்டார். மிரண்டதால் போட்டியில் இல்லை என்றும் சொன்னார். கோப்பை கோழிப்பண்ணைக்கு. அந்தக் குதிரைக்குப் போட்ட மாலை நழுவித் தரையில் விழுந்தது. அதற்குத் தெரியவே இல்லை. "பணிவைப் பாருங்க!" என்றார் நடுவர்.

"பேசாமப் பொடியே போட்டிருக்கலாம், மாமா," என்றார் மருமகன், ஓடின குதிரையைப் பிடித்துக்கொண்டு திரும்பும் வழியில்.

பதில் சொல்வதற்குள் எதிரே ஒருத்தர் குடை பிடித்து வந்தார். குதிரை விசுக்கென்று என் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கியது. எங்கே ஒதுங்கணும் என்கிற அந்தப் புத்தியையா பொடி போட்டு மழுக்கச் சொல்கிறார்?

மறுநாள் தொழுவத்தில் ஒரு குடையைத் தூரமாகத் தொங்கவிட்டேன்.