முள்ளக்கா தங்கப்போன வீடு

பட்டறைத் தெருவில் அவளுக்கு முள்ளக்கா என்றுதான் பேர். பெட்ரோல் எவ்வளவு அழுத்தத்தில் எஞ்சினுக்குப் போகிறது என்று காட்டும் கேஜ் ஒன்றை எப்போதும் கைப்பையில் வைத்திருப்பாள். அதன் முள் அசைந்து நிற்கும்வரை எந்த வண்டிக்கும் தீர்ப்பு சொல்ல மாட்டாள். பேர் வந்தது அந்த முள்ளால்தான் என்பாள். "நாக்குல இருக்கிற முள்ளால வந்தது" என்பார் அவள் கணவர்.

கணவருக்கு டிங்கரிங், பெயிண்டிங் வேலை. ஒரே ஷெட்டில் இடது பக்கம் அவர் நெளிசல் எடுப்பார், வலது பக்கம் அவள் எஞ்சின் பார்ப்பாள். கல்யாணத்துக்கு முன்பு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் போன் எடுக்கிற வேலையில் இருந்தாள். போனில் மெக்கானிக்குகள் சொல்லும் அறிகுறிகளைக் கேட்டுக் கேட்டே பாதித் தொழில் கற்றுக்கொண்டாள். மீதியைக் கையில் கிரீஸ் பூசிக்கொண்டு கற்றாள்.

அவள் முள்ளைக் கேட்காமல் சொன்ன தீர்ப்பு ஒன்று உண்டு. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு, கணவரின் அக்கா, கணக்கு டீச்சர், தேடித்தேடி ஒரு கார் வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினாள். குடும்பமே சுற்றி நின்று பார்த்தது. முள்ளக்கா பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. "இந்த டப்பாவையா அண்ணி வாங்கினீங்க? நாலு வருஷம் ஓடினா அதிசயம்" என்று சொல்லிவிட்டாள்.

கார் பன்னிரண்டு வருஷம் ஓடியது. அந்தப் பன்னிரண்டு வருஷமும் அண்ணி அந்தக் காரை முள்ளக்காவின் கண்ணில் காட்டவில்லை. சண்டை என்று சொல்ல முடியாது; விசேஷங்களில் பேசிக்கொள்வார்கள், சிரிப்பார்கள். ஆனால் ஆயில் மாற்றக்கூட அண்ணி ஊரின் மறுகோடிக்குத்தான் போவாள்.

இந்த வருஷம் அந்தக் கார் காலையில் அடம்பிடிக்க ஆரம்பித்தது. சாவியைத் திருப்பினால் பத்து நொடி, பதினைந்து நொடி என்று சுற்றிக்கொண்டே இருக்கும்; பிறகு இருமித் தும்மி எழுந்திருக்கும். ஒருதடவை கிளம்பிவிட்டால் அன்று முழுக்கத் தொட்டவுடன் ஸ்டார்ட். ஒரு ஒர்க் ஷாப்பில் பேட்டரியை மாற்றினார்கள். இன்னொன்றில் பிளக்குகளை மாற்றினார்கள். மூன்றாவது ஆள் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றி மாட்டினான். மறுநாள் காலையில் பழைய கதைதான். அண்ணி ஒரே வாரத்தில் மூன்று நாள் பள்ளிக்குத் தாமதமாகப் போனாள். தாமதமாக வரும் பிள்ளைகளை முறைக்கவும் அவளுக்கு முகம் இல்லாமல் போயிற்று.

கடைசியில் ஒரு சனிக்கிழமை மதியம் வண்டியை ஷெட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்தினாள். தம்பியைப் பார்த்துத்தான் பேசினாள்.

"உன் பொண்டாட்டியப் பாக்கச் சொல்லுடா."

முள்ளக்கா சாவியைத் திருப்பினாள். பாதிச் சுற்றுக்குள் எஞ்சின் பிடித்துக்கொண்டது, டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் ஓடிப்போன பிள்ளை மாதிரி.

"இப்ப பாத்தா ஒண்ணும் தெரியாது அண்ணி. எஞ்சின் ராத்திரி முழுக்க ஆறணும். விட்டுட்டுப் போங்க, காலையில பாக்கறேன்."

"என் வண்டிய விட்டுட்டுப் போக மாட்டேன்."

"அப்ப எப்படிப் பாக்கறது?"

ஸ்ப்ரே கன்னைக் கழுவிக்கொண்டிருந்த கணவர் தலையைத் தூக்காமலே சொன்னார். "வண்டி இங்க தங்காதுன்னா நீ அங்க போய்த் தங்கு."

இரண்டு பெண்களும் அவரைப் பார்த்த பார்வையில் புதுசாக அடித்த பெயிண்டே உரிந்திருக்கும். ஆனால் வேறு வழி யாருக்கும் தோன்றவில்லை. சாயங்காலம் கைப்பையில் கேஜும் ஒரு மாற்றுப்புடவையுமாக முள்ளக்கா கிளம்பினாள்.

அண்ணியின் கணவர் கப்பலில் சமையல்காரர். வருஷத்தில் பாதி நாள் வீட்டில் அண்ணி மட்டும்தான். கார் நிற்கும் இடம் சமையலறை ஜன்னலை ஒட்டி இருந்தது. முள்ளக்கா பழைய துணியைச் சுற்றிப் பெட்ரோல் குழாயின் இணைப்பைக் கழற்றி, நடுவில் கேஜை மாட்டினாள். எஞ்சின் ஓடும்போது முள் மூன்றில் நின்றது. அணைத்தாள்.

"இப்ப இது இறங்காம நிக்கணும் அண்ணி. கொஞ்சம் இறங்கலாம். மளமளன்னு இறங்கினா எங்கயோ ஒழுகுதுன்னு அர்த்தம்."

ஐந்து நிமிஷத்தில் இரண்டரை. பத்தாவது நிமிஷத்தில் இரண்டுக்கும் கீழே. அண்ணி சட்டென்று உள்ளே போனாள். கோபமோ என்று முள்ளக்கா நினைத்தாள். அண்ணி கிராஃப் தாளும் ஸ்கேலும் சீவிய பென்சிலுமாகத் திரும்பி வந்தாள்.

"சும்மா பாத்துட்டிருந்தா எப்படி? புள்ளி வைக்க வேண்டாமா? நேரத்தச் சொல்லு."

ஒரு மணி நேரத்தில் முள் பூஜ்யத்தில் படுத்துவிட்டது. தாளில் சறுக்குமரம் மாதிரி ஒரு கோடு.

"தெரிஞ்சுபோச்சு" என்றாள் முள்ளக்கா. "பம்புக்குள்ள ஒரு வால்வு இருக்கு. அது போயிடுச்சு. பெட்ரோல் திரும்ப டேங்குக்கே ஓடிடுது."

"பின்பக்கம்தான் ஓடணுமா? முன்பக்கமா எஞ்சினுக்குள்ள ஒழுகக் கூடாதா?"

"ஒழுகலாம். ஆனா இது பம்புதான்."

"காலையில பெட்ரோல் வாடை குப்புன்னு அடிக்குதே."

"பழைய வண்டின்னா அடிக்கத்தான் செய்யும் அண்ணி."

பழைய வண்டி என்ற வார்த்தை விழுந்ததும் அண்ணி பென்சிலைக் கீழே வைத்தாள். அதற்கப்புறம் சாப்பாட்டின்போது உப்பு வேண்டுமா என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு இருவரும் காரருகே நின்றார்கள். முள்ளக்கா ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மூன்றுமுறை பாதி திருப்பி அணைத்தாள். ஒவ்வொரு முறையும் பம்பு இரண்டு நொடி முனகியது. முள் ஏறி மூன்றைத் தொட்டது.

"பிரஷர் வந்திடுச்சு. இப்ப ஒரே சுத்துல பிடிக்கும் பாருங்க."

பிடிக்கவில்லை. பன்னிரண்டு நொடி சுற்றி, இருமி, கறுப்பாக ஒரு புகையைக் கக்கிவிட்டுத்தான் எழுந்தது. பெட்ரோல் வாடை ஜன்னல் வழியாகச் சமையலறைக்குள்ளே போனது. அழுத்தம் இல்லாததுதான் நோய் என்றால் இப்போது கிளம்பியிருக்க வேண்டும். முள்ளக்காவுக்குக் காது சூடானது.

எஞ்சினை அணைத்துவிட்டு, கேஜோடு சேர்ந்து டேங்குப் பக்கம் இருந்த, வழியை அடைக்கும் சின்னத் திருகை மூடினாள். பின்பக்க வழி அடைபட்டாயிற்று. குற்றம் பம்பில் இருந்தால் முள் இனி இறங்கக் கூடாது. அண்ணி தானாகவே புதுத் தாளை எடுத்தாள். முள் இறங்கியது, நேற்றைய அதே சறுக்குமரம்.

பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். மூன்று காய்ந்து கிடந்தன. மூன்றாவது சிலிண்டருடையது மட்டும் கரிபிடித்து ஈரமாக இருந்தது. மோந்து பார்த்தாள். பெட்ரோல். அந்த சிலிண்டருக்குப் பெட்ரோல் தெளிக்கிற இஞ்செக்டர் சரியாக மூடாமல் ராத்திரியெல்லாம் சொட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. நேற்று ராத்திரி அண்ணி கேட்டது அதைத்தான்.

ஈரப் பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டே முள்ளக்கா சொன்னாள்: "நான் சொன்னது தப்பு அண்ணி. நீங்க சொன்னதுதான் சரி."

"என்ன சொன்ன? சரியாக் காதுல விழல."

"தப்புன்னேன்."

"எது தப்பு? நேத்து சொன்னதா, பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாடி சொன்னதா?"

முள்ளக்கா சிரித்துவிட்டாள். "ரெண்டும்தான். அன்னிக்குத் தொறந்துகூடப் பாக்கல. நல்ல வண்டி அண்ணி இது. இத்தன இடத்துல கழட்டி மாட்டியும் தாங்கியிருக்கே."

"வாய்ல இருந்து வர இத்தனை வருஷமா!" என்றாள் அண்ணி. கோபமாகச் சொல்லப் பார்த்தாள், முடியவில்லை. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "கையக் கழுவிட்டு வா. டீ போடறேன். வேற பிளக் மாட்டிட்டு அந்தப் பிளக்க எனக்குக் குடுத்துடு, பிள்ளைங்களுக்குக் காட்டணும்."

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் கார் ஷெட்டுக்கு வந்தது. கணவர் புது இஞ்செக்டரை வாங்கி வைத்திருந்தார். அரை மணி நேரத்தில் மாட்டியாயிற்று. ஆனால் சரியாகிவிட்டதா என்று பார்க்க மறுபடியும் எஞ்சின் ஆற வேண்டுமே. "இந்தத் தடவை வண்டிய விட்டுட்டுப் போயேன் அக்கா" என்றார் கணவர்.

"வண்டிய எதுக்குடா விடணும்? இவளக் கூட்டிட்டுப் போறேன். நீ உன் சாப்பாட்டப் பாத்துக்க."

முள்ளக்கா ஏற்கெனவே முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

அன்று சாயங்காலம் கேஜை மறுபடி மாட்டிவிட்டு, ஜன்னலோரம் இரண்டு நாற்காலி போட்டு, தட்டில் பிஸ்கட்டோடு முள்ளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பத்து நிமிஷம், அரை மணி, ஒரு மணி. முள் அசைவதாகக் காணோம். அண்ணி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னடீ இது, வெறும் நேர்கோடா இருக்கு. வரையறதுக்கு ஒண்ணுமே இல்லையே."

"அப்படி இருந்தாத்தான் வண்டி நல்லா இருக்குன்னு அர்த்தம் அண்ணி."

"இருந்தாலும்..." என்று அண்ணி பென்சிலைச் சீவிக்கொண்டாள். "இன்னும் ஒரு மணி நேரம் பாத்துடுவோம்."